ஊசி போட்ட கால்

போன புதன்கிழமை பேத்திக்கு ஒன்றரை மாத ஊசி. பணி ஓய்வு பெற்று ஆறு வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் தடுப்பூசி போடும் இடத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருவது எனக்கு இன்னும் பழகவில்லை. கேரியரில் ஐஸ் பேக் சரியாக அடுக்கியிருக்கிறதா, குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள், சூடு பட்டால் கறுத்துவிடும் அந்தச் சதுரம் இன்னும் வெளுப்பாகவே இருக்கிறதா என்று கண் தானாகவே அங்கே போகிறது. ஊசி போட்ட பெண்ணுக்கு என் மருமகள் வயதுதான் இருக்கும். நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பழைய நர்ஸ் ஒருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் கை நடுங்கும். எனக்கு நடுங்கியிருக்கிறது.

நன்றாகவே செய்தாள். முதலில் வாயில் போலியோ சொட்டு இரண்டு. பிறகு வயிற்றுப்போக்குக்கான ரோட்டா மருந்து. அதற்குப் பிறகு வலது மேல்கையில் தோலுக்குள் ஓர் ஊசி, அதுவும் போலியோவுக்கு. கடைசியாகத் தொடைக்கு ஒன்றாக இரண்டு: இடது தொடையில் ஐந்து நோய்க்கான பெண்டா, வலது தொடையில் நிமோனியாவுக்கானது. கையில் போடும் ஊசிதான் கஷ்டம். ஊசியைத் தோலோடு படுக்கவைத்து, அதன் வாய் மேலே பார்க்கும்படி, முனை மட்டும் உள்ளே போகும் அளவுக்குச் செலுத்த வேண்டும். மருந்து 0.1 மில்லிதான். சரியாகப் போனால் அந்த இடம் வெளுத்து, மயிர்க்கால்கள் குழி குழியாகத் தெரிய, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு சின்ன மேடு எழும்பும். கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் மேடு வராது. ஆறு வாரக் குழந்தையின் கை என் பெருவிரல் பருமன்தான் இருக்கும். அது திமிறும். அந்தப் பெண்ணுக்கு முதல் தடவையிலேயே மேடு வந்தது. நான் மூச்சு விட்டேன்.

என் மகன் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். எதையும் அப்படியே ஏற்றுக்கொள்கிற பழக்கம் கிடையாது. "அம்மா, ஒரே போலியோவுக்கு வாயிலும் கொடுக்கிறார்கள், கையிலும் போடுகிறார்கள். எது வேலை செய்யும் என்று அவர்களுக்கே சந்தேகமா?" என்று கேட்டான்.

"இரண்டும் வேண்டும்" என்றேன். வேலையின் கடைசி வருடங்களில் தாய்மார்களுக்குச் சொன்ன அதே பதில். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இவன் ஆட்டோவில் திரும்பும்போது மறுபடி கேட்டான். ஆட்டோவில், அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு, இதையெல்லாம் விளக்க முடியாது. எழுதுகிறேன், படித்துக்கொள் என்றேன்.

இதைச் சொல்ல வேண்டுமானால் என் தம்பியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

1967. போளூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். எனக்கு ஆறு வயது, தம்பிக்குப் பதினான்கு மாதம். திண்ணை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டிருந்தான். காய்ச்சல் வந்தது. இரண்டு நாளாகியும் இறங்கவில்லை. அப்பா சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பக்கத்து ஊரில் ஊசி போடுகிற ஒருவரிடம் அழைத்துப் போனார். கண்ணாடி சிரிஞ்சு, எவர்சில்வர் டப்பாவில் தண்ணீர் ஊற்றி மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்கவைப்பது, அந்தக் காலத்து வழக்கம் அது. வலது இடுப்பில் ஒரு ஊசி. மறுநாளும் அதே இடத்தில் ஒன்று. மூன்றாம் நாள் காலையில் அம்மா அவனைத் தூக்கி நிறுத்தினபோது வலது கால் மட்டும் நனைந்த துணி மாதிரித் தொங்கியது.

இளம்பிள்ளை வாதம் என்றார்கள். அம்மா அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "ஊசி போட்ட கால்தான் போனது" என்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், கிணற்றடியில், கல்யாண வீட்டில், எங்கே பேச்சு வந்தாலும் அந்த ஒரே வாக்கியம்தான். "இடது காலுக்கு ஏன் வரவில்லை? அதில் ஊசி போடவில்லை."

1983இல் நான் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்: போலியோ என்பது வைரஸ் கிருமி, மலத்தின் வழியாக வெளியேறி, தண்ணீரிலும் கையிலும் ஒட்டி, வாய் வழியாக உள்ளே போவது. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஊரில் மக்கள் ஊசியைக் குறை சொல்வார்கள், பொறுமையாக விளக்குங்கள் என்றார்கள். நான் ஊரில் விளக்கினேனோ இல்லையோ, வீட்டில் அம்மாவிடம் விளக்கினேன். இருபத்திரண்டு வயதில் ஒருத்திக்கு எவ்வளவு நிச்சயம் இருக்குமோ அவ்வளவு நிச்சயத்தோடு. அம்மா பதில் சொல்ல மாட்டாள். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள்.

அடுத்த பதினைந்து வருடங்களில் எத்தனையோ குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தேன். 1995 டிசம்பரில் நாடு முழுக்க ஒரே நாளில் கொடுக்கும் முகாம் தொடங்கியது. பிறகு 1997 வாக்கில் புதிதாக ஒரு வேலை வந்தது. எந்தக் காரணத்தினாலாவது பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்துபோனால், உடனே தகவல் கொடுக்க வேண்டும். இரண்டு முறை மல மாதிரி எடுத்துக் குளிர்பெட்டியில் அனுப்ப வேண்டும். நீளமான ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: கை கால் தளர்வதற்கு முந்தைய நாட்களில் குழந்தைக்கு ஊசி ஏதாவது போடப்பட்டதா? எந்த இடத்தில்?

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சம்பந்தமே இல்லையென்றால் எதற்கு இந்தக் கேள்வி?

மருத்துவ அலுவலரிடம் கேட்டேன். பொறுமையான மனிதர். அவர் சொன்னதைப் பிறகு நானும் தேடித் தேடிப் படித்ததோடு சேர்த்து எழுதுகிறேன்.

போலியோ வைரஸ் வாய் வழியாகப் போய்த் தொண்டையிலும் குடலிலும் பெருகுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அவ்வளவுதான். ஒன்றுமே தெரியாது, அல்லது சாதாரணக் காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும். சிலருக்குக் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது. அப்போதும் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். கிருமி தொற்றியவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் அது தண்டுவடத்து நரம்புகளை எட்டிக் கை கால்களை முடக்குகிறது. வைரஸ் நரம்புக்குள் நுழைய ஒரு வழி தசை. தசையில் முடிகிற நரம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு அது மேலே தண்டுவடம் வரைக்கும் பயணம் செய்யும்.

இப்போது ஊசிக்கு வருவோம். ரத்தத்தில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கிற அந்த இரண்டு மூன்று நாட்களில், சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து இடுப்பிலோ தொடையிலோ ஊசி போடுகிறார்கள். ஊசி கொண்டுவருவது வைரஸை அல்ல, காயத்தை. காயப்பட்ட தசையில் அந்த நரம்புப் பயணம் வேகம் பிடிக்கிறது. 200இல் ஒருவராக இல்லாமல் போயிருக்கக்கூடிய குழந்தை அந்த ஒருவராக ஆகிவிடுகிறது, அதுவும் ஊசி போட்ட அதே காலில். 1949, 50 வாக்கில் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு ஹில், நோல்டன் என்ற இருவர் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். கக்குவான், தொண்டை அடைப்பான் நோய்களுக்கான ஊசி போட்டுக்கொண்ட ஒரு மாதத்துக்குள் போலியோ வந்த குழந்தைகளில், முடக்கம் ஊசி போட்ட கையையோ காலையோதான் அதிகம் தேடிப் போயிருந்தது. தொண்டைச் சதையை அறுத்து எடுத்த குழந்தைகளுக்கு அது விழுங்குவதையும் மூச்சையும் பாதிக்கும் மூளைத்தண்டுப் போலியோவாக வந்தது என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. நரம்புப் பயணத்தை எலிகளில் நேரடியாகக் காட்டியது 1998இல், அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில்.

அன்று மாலை நேராக ஊருக்குப் போனேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிருமி ஏற்கெனவே உடம்பில் இருந்தது அம்மா, ஊசி அதை உண்டாக்கவில்லை. ஆனால் எந்தக் காலுக்குப் போக வேண்டும் என்பதை ஊசிதான் காட்டிக்கொடுத்திருக்கிறது.

கொட்டையை ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில், "இதைத்தானே முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பேச்சைப் பிறகு அவள் எடுக்கவேயில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் தடுப்பூசிக்குப் பயப்பட வேண்டாம். ஊரெங்கும் போலியோ வைரஸ் உலவிய காலத்துக் கதை இது. இந்தியாவில் இயற்கையில் உலவும் ‘காட்டு’ வைரஸால் கடைசியாக அந்த நோய் வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச்சில் நாம் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கினோம். ஆனால் இதை நான் இங்கே முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. கிருமி எது என்பது பாதிக் கதைதான். அது எந்த வழியாக வந்தது, எந்தத் திசுவைத் தொட்டது என்பது மீதிக் கதை. அந்த மீதியைத்தான் என் பயிற்சியில் விட்டுவிட்டார்கள். மகன் கேட்ட கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

நம் உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்பது ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஒன்று அல்ல. தொடையில் ஊசி போட்டால் மருந்து போய்ச் சேர்வது இடுக்கில் இருக்கும் நெறிக்கட்டுக்கு. கையில் போட்டால் அக்குளில் இருப்பதற்கு. அங்கே தயாராகும் எதிர்ப்புப் பொருள் பெரும்பாலும் ரத்தத்தில் ஓடுகிற வகை. சொட்டு மருந்தோ குடலுக்குப் போகிறது. சிறுகுடலின் சுவரில் அங்கங்கே திட்டுத் திட்டாக நிணத்திசு இருக்கிறது. அதன் மேல் இருக்கும் சில செல்களுக்கு ஒரே வேலைதான்: குடலில் போவதைக் கொஞ்சம் கிள்ளி எடுத்து உள்ளே கொடுப்பது. அங்கே உருவாவது வேறு வகை எதிர்ப்புப் பொருள். குடலின் உள்பக்கத்துக்கே கசிந்து வந்து, வைரஸ் ஒட்டுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும். தாய்ப்பாலிலும் அதே வகைதான் நிறைந்திருக்கிறது. தாயின் குடல் பார்த்த கிருமிக்கான பாதுகாப்பு அவள் மார்புக்கு வந்துசேர்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுத்த எத்தனையோ பெண்கள் நினைவுக்கு வந்தார்கள்.

ஆக, ஊசி மட்டும் போட்டுக்கொண்ட குழந்தையின் குடலுக்குள் போலியோ வைரஸ் போனால் என்ன ஆகும்? குழந்தைக்கு முடக்கம் வராது. ரத்தத்தில் காவல் இருக்கிறது. நரம்பை எட்டுவதற்குள் பிடித்துவிடும். ஆனால் குடலில் வைரஸ் தாராளமாகப் பெருகும், மலத்தில் வெளியேறும், அடுத்த வீட்டுக்குப் போகும். இது கற்பனை அல்ல. இஸ்ரேலில் 2005 முதல் ஊசி மட்டும்தான். 2013இல் அந்த நாட்டின் தெற்கே, நெகேவ் பாலைவனப் பகுதியில் சாக்கடை நீரைப் பரிசோதித்தபோது உயிருள்ள காட்டுப் போலியோ வைரஸ் கிடைத்தது. மாதக்கணக்கில் அது ஊருக்குள் சுற்றியிருக்கிறது. ஒரு குழந்தைக்குக்கூடக் கால் முடங்கவில்லை; அதனால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஆகஸ்ட் மாதம், ஏற்கெனவே ஊசி போட்ட பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

அப்படியானால் சொட்டு மட்டும் போதுமே என்பாய். அதிலும் ஒரு சிக்கல், அதைக் கண்டுபிடித்தது நம் பக்கத்து ஊரில். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வாளராக இருந்த டாக்டர் ஜேக்கப் ஜான் 1970களின் தொடக்கத்திலேயே சொன்னார்: மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று முறை கொடுத்தால் பிடிக்கிற சொட்டு மருந்து, நம் குழந்தைகளில் பலருக்கு மூன்று முறையில் பிடிக்கவில்லை. நம் பிள்ளைகளின் குடலில் எப்போதும் வேறு ஏதாவது கிருமி குடியிருக்கிறது. சொட்டு மருந்தில் இருக்கும் பலவீனமான வைரஸ் அந்தக் கூட்டத்தில் இடம் பிடிக்க முடியாமல் போய்விடுகிறது. அதனால்தான் வருடத்துக்கு வருடம், முகாமுக்கு முகாம், திரும்பத் திரும்பக் கொடுத்தோம். "போன மாதம்தானே கொடுத்தீர்கள்?" என்று கேட்காத வீடு கிடையாது. சுண்டுவிரலில் போட்ட மை அழியும் முன்பே அடுத்த முகாம் வந்த வருடங்கள் உண்டு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொட்டில் இருப்பது உயிருள்ள வைரஸ். பல லட்சம் டோஸ்களில் ஒன்றில் அதுவே முடக்கத்தை உண்டாக்கிவிடும்; தடுப்பூசி போடாதவர்கள் நிறைந்த இடத்தில் கைமாறிக் கைமாறிப் பழைய குணத்துக்கே திரும்பவும் கூடும்.

இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? வேலூரில் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒன்றிலிருந்து நான்கு வயது வரை, ஏற்கெனவே பல முறை சொட்டு குடித்த 450 குழந்தைகள். பாதிப் பேருக்கு ஓர் ஊசி. மீதிப் பேருக்கு இல்லை. நான்கு வாரம் கழித்து எல்லோருக்கும் ஒரு முறை சொட்டு மருந்து கொடுத்துவிட்டு, மலத்தில் எவ்வளவு பேர் வைரஸை வெளியேற்றுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் அந்த எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தது. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாதில் நடந்து, அதே ஆண்டு வெளிவந்த ஆய்வும் இதையே காட்டியது: கூடுதலாக ஒரு முறை சொட்டு கொடுப்பதைவிட, ஓர் ஊசி குடலின் பாதுகாப்பை அதிகமாகத் தூண்டியது.

யோசித்துப் பார். ஊசியில் போட்ட மருந்து குடலில் வேலை செய்திருக்கிறது. ஊசி மட்டும் போட்டுக்கொண்ட இஸ்ரேல் குழந்தைகளுக்கு இது நடக்கவில்லை. முன்பு சொட்டு குடித்த வேலூர்க் குழந்தைகளுக்கு நடந்தது. என் வேலைக்காலத்தில் நான் படித்தவற்றில் இதைப் போல என்னை நிறுத்திவைத்தது வேறொன்று இல்லை.

காரணம் இது. குடலின் நிணத்திசுவில் பயிற்சி பெறுகிற செல்களுக்கு அங்கேயே ஒரு முகவரி எழுதிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றின் மேற்பரப்பில் குடலின் ரத்தக் குழாய்ச் சுவரோடு மட்டும் பொருந்துகிற ஒரு புரதம் முளைக்கிறது. பிறகு அவை உடம்பெல்லாம் சுற்றினாலும் தங்குவது குடலில்தான். அந்த முகவரியை எழுதும் மை, வைட்டமின் ஏ-யிலிருந்து குடலில் உருவாகிற ஒரு பொருள். (ஒன்பதாம் மாதம் முதல் நாங்கள் கரண்டியில் ஊற்றிக் கொடுக்கும் அந்த மருந்து கண்ணுக்காக மட்டும் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.) முதலில் சொட்டு குடித்த குழந்தைக்கு முகவரி எழுதிய செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பிறகு கையில் ஊசி போட்டால் அவையும் விழித்துக்கொண்டு, பெருகி, தங்கள் இடத்துக்குத் திரும்புகின்றன. முதலிலிருந்தே ஊசி மட்டும் என்றால் அந்த முகவரியே எழுதப்படுவதில்லை. இரண்டும் வேண்டும் என்று நான் சொன்னதற்கு அர்த்தம் இதுதான், கண்ணா. சந்தேகத்தால் கொடுப்பது அல்ல.

நிர்வாகக் காரணம் ஒன்றும் உண்டு. போலியோவில் மூன்று வகை. இரண்டாம் வகை உலகத்திலிருந்து ஒழிந்துவிட்டது என்று 2015இல் அறிவித்தார்கள். அதனால் 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து அந்த வகையை எடுத்துவிட்டார்கள். ஊசியில் மூன்றும் இருக்கின்றன. பழைய குப்பிகளை ஒன்றுவிடாமல் எண்ணித் திருப்பி அனுப்பிய அந்த வாரத்தை நான் மறக்க மாட்டேன். எங்கள் நிலையத்துக் கணக்கில் ஒரு குப்பி குறைந்து, குளிர்பெட்டியின் அடியில் ஐஸ் பேக்குக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது கிடைக்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழியை மாற்றினால் நோயே தடுப்பு மருந்தாகிவிடும் என்பதற்கு இன்னொரு விசித்திரம். அடினோ வைரஸில் நான்கு, ஏழு என்ற இரண்டு வகைகள் மூச்சு வழியாக வந்தால் கடுமையான சளிக் காய்ச்சல். அமெரிக்க ராணுவத்தின் பயிற்சி முகாம்களில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களை அது படுக்கையில் தள்ளிக்கொண்டிருந்தது. அவர்கள் செய்தது என்னவென்றால், பலவீனப்படுத்தாத அதே உயிருள்ள வைரஸை மாத்திரைக்குள் வைத்து, வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரைகிற மாதிரி மேல்பூச்சுப் பூசி விழுங்கவைத்தார்கள். குடலில் வைரஸ் பெருகும், நோய் வராது. ஆனால் பாதுகாப்பு மூச்சுப் பாதைக்கும் கிடைத்துவிடும். மாத்திரையை மெல்லக் கூடாது, முழுசாக விழுங்க வேண்டும் என்பது கண்டிப்பு. மென்றால் அது தொண்டையிலேயே வெளிப்பட்டுவிடும் அல்லவா.

அம்மை குத்துவதும் இப்படித்தான் தொடங்கியது. பெரியம்மை இயல்பாக மூச்சு வழியாக வருவது. தடுப்பூசி கண்டுபிடிப்பதற்கு முன்பே, லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழை எடுத்து இன்னொருவர் தோலைக் கீறி வைக்கிற வழக்கம் நம் நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் துருக்கியிலும் இருந்தது. அதே வைரஸ்தான். 1721இல் பாஸ்டன் நகரத்தில் பெரியம்மை வந்தபோது, இயல்பாக வாங்கிக்கொண்டவர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினான்கு பேர் இறந்தார்கள்; கீறி வைத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேர். தோலில் இறங்கிய வைரஸ் முதலில் அந்த இடத்திலேயே பெருகி நிற்க, அதற்குள் உடம்பு தயாராகிவிடுகிறது. அங்கே அந்த வழக்கத்தைத் தெரியவைத்தவர் ஒனிசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. அவர் பெயரைப் பயிற்சிப் புத்தகங்களில் போட்டால் நன்றாக இருக்கும்.

தோல் என்பது வெறும் உறை இல்லை. வருகிற அந்நியனைப் பிடித்து நெறிக்கட்டுக்குக் கொண்டுபோகிற செல்கள் தோலில் நெருக்கமாக இருக்கின்றன, தசையில் குறைவு. அதனால்தான் பேத்தியின் கையில் போட்ட போலியோ ஊசி முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு. தசையில் போட்டால் 0.5 மில்லி, தோலுக்குள் 0.1 போதும். நாய்க்கடி ஊசியும் அதே வழியில்தான் போடுகிறோம், கைக்கு ஒன்றாக. ஆனால் எத்தனை பேர் வந்து இடுப்பில் போடச் சொல்லிச் சண்டை பிடித்திருப்பார்கள்! "கையில் போட்டால் வேலை செய்யுமா நர்ஸ் அம்மா, இவ்வளவு சின்ன ஊசி?" என்பார்கள். இடுப்பில் கொழுப்பு அதிகம். ஊசி தசையை எட்டாமல் கொழுப்பிலேயே நின்றுவிடும். மருந்து அங்கேயே தங்கிவிடும். நாய்க்கடிக்கு இடுப்பில் போடவே கூடாது என்று விதியே இருக்கிறது. மஞ்சள் காமாலை பி வகைக்கான ஊசியிலும் இதைக் கண்டுபிடித்து, 1980களிலேயே மேல்கைக்கு மாற்றிவிட்டார்கள். நம் மக்களுக்கோ இடுப்பில் போட்டால்தான் ஊசி. எந்த நோய்க்கும், எந்தக் காய்ச்சலுக்கும். அந்த நம்பிக்கையின் விலை என்ன என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி குழந்தையைப் பார்க்க வந்தான். போளூரில் தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்தான். இப்போது அது ஜெராக்ஸ் கடை. காலுக்குத் தாங்கலாக மாட்டும் காலிப்பரைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டான். கையில் போட்ட இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு மட்டும் மிச்சம்.

"இது எதற்கு?" என்றான்.

"உன்னுடையதற்குத்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எந்தப் பக்கம் போட வேண்டும் என்று கணக்கு இருக்கிறதா, இல்லை எது கிடைக்கிறதோ அதிலா?" என்று கேட்டான். வலது கை, ஆறாவது வாரம், பதினான்காவது வாரம். ஒன்பதாம் மாதம் மட்டும் இடது கை, அன்று வலது கையில் தட்டம்மை ஊசி இருப்பதால் என்றேன். தலையாட்டினான். குழந்தை அவன் சட்டைப் பொத்தானை வாயில் வைக்கப் பார்த்தது. மருமகள் ஓடி வந்து, "மாமா, எல்லாவற்றையும் வாயில் போடுகிறாள்" என்று வாங்கிக்கொண்டாள்.

பத்தாவது வாரம் போலியோ சொட்டும் ரோட்டாவும் பெண்டாவும் மட்டும்தான்; கையில் ஊசி கிடையாது. பதினான்காவது வாரப் புதன்கிழமைக்கு மகனே கைப்பேசியில் குறித்து வைத்துவிட்டான். நான் வரமாட்டேன், கையை நீயே பிடித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.